இடது கையின் உட்பை

ஜூன் 3

அக்கா,

நீ என்னோடு பேசிப் பதினோரு மாதம் ஆகிறது. போன் போட்டால் மாமா எடுத்து, உன் போன் ரிப்பேரில் இருக்கிறது என்கிறார். பதினோரு மாதம் ரிப்பேரில் கிடக்கிற போனை நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை. வாஷிங் மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு எண்பது பேரின் ரிப்பேர் கதை கேட்கிறவள் சொல்கிறேன். உனக்கு என் மேல் கோபம். அதற்கு மாமாவைப் பொய் சொல்ல வைக்கிறாய். சரி, கோபம் இருக்கட்டும். கோபத்தோடேயே மேலே படி.

"ஒன்பதாம் கலம்" நடிகை எங்கள் ஊருக்கு வருகிறார். நம் மெக்கானிக்! விண்வெளித் தொடர் ரசிகர்களுக்கென்று ஒரு மாநாடு, ஜூலை பதினெட்டாம் தேதி, பெரிய கண்காட்சி அரங்கத்தில். வரிசையில் நின்றால் ஆளுக்கு ஒரு நிமிஷம் அவரோடு பேசலாம், கையெழுத்து வாங்கலாம். நான் டிக்கெட் எடுத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா தொண்டை கிழியக் கூப்பிடுவாள், நாம் இரண்டு பேரும் டிவியை விட்டு அசையமாட்டோம், ஞாபகம் இருக்கிறதா? வாராவாரம் அந்தக் கப்பலில் யாராவது ஓர் அறைக்குள் மாட்டிக்கொள்வார்கள். கேப்டன் பூட்டோடு மல்லுக்கட்டுவார். மெக்கானிக் சாவகாசமாக வந்து, "எல்லாரும் பூட்டையே பாக்குறீங்க. கீலை யாரு பாக்குறது?" என்று கேட்டுவிட்டுக் கதவை மறுபக்கமாகக் கழற்றி வைப்பாள். நீ அதைப் பார்த்துவிட்டு நம் வீட்டு அலமாரிக் கதவுகளை ஒன்றுவிடாமல் கழற்றினாய். அடி வாங்கியது நான்.

மாநாட்டுக்கு எல்லோரும் வேஷம் போட்டுக்கொண்டு வருவார்களாம். எனக்கு மெக்கானிக் சட்டை வேண்டும். கடையில் விற்பதைப் பார்த்தால் சர்க்கஸ் கோமாளியே போடமாட்டான். உன்னை விட்டால் அதை ஒழுங்காகத் தைக்க ஆள் இல்லை. துணி அனுப்பட்டுமா?

உன்
வாலு

*

ஜூன் 9

வாலுக்கு,

உன் கடிதத்தை அவர் படித்துவிட்டுக் கொடுத்தார். போன் ரிப்பேரில் இருப்பதாக அவர் சொன்னால் ரிப்பேரில்தான் இருக்கிறது. அவரை ஒன்று சொல்ல வைக்கவோ சொல்லாமல் நிறுத்தவோ என்னால் ஆகாது. இந்தக் கடிதத்தையும் அவர் படித்துவிட்டுத்தான் உறையை ஒட்டுவார். பள்ளிக்கூட வாத்தியார் கையில் சிவப்புப் பேனா இருந்தால் சும்மா இருக்குமா? சிவப்பு மையில் எதைக் கண்டாலும் அது நானில்லை என்று தெரிந்துகொள்.

நான் நலம். காலை எட்டு மணிக்கு அவர் பள்ளிக்குக் கிளம்புவார். வெளியே கம்பிக்கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார். திருட்டு பயம். நாலரை மணிக்கு வந்து திறப்பார். நடுவில் உள்ள எட்டரை மணி நேரமும் இந்தத் தெருவிலேயே பத்திரமாக இருப்பது இரண்டு. ஒன்று பீரோவில் உள்ள வீட்டுப் பத்திரம், இன்னொன்று நான்.

வெளியாருக்குத் தைப்பதை நிறுத்தியாயிற்று. கண்ட கண்டவர்கள் வந்து போகிறார்கள் என்று அவருக்கு வருத்தம். மெஷின் சும்மாதான் கிடக்கிறது, துணியை அனுப்பு. சாம்பல் நீலம். கொஞ்சம் தடித்த பருத்தியாக இருக்கட்டும், பளபளப்பு கூடாது. தோள்பட்டையில் வரும் பட்டை ஆரஞ்சு என்று நினைத்துக்கொண்டிருப்பாய். ஆரஞ்சு இல்லை, செங்கல் நிறம். நீ அவள் முகத்தைப் பார்த்தாய், நான் தையலைப் பார்த்தேன்.

அன்றைக்கு போனில் பேசியதைப் பற்றி எதுவும் எழுதாதே.

அக்கா

(சிவப்பு மையில்) தங்கைக்குத் தைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வெளியாருக்குத்தான் வேண்டாம் என்றேன். — மாமா

*

ஜூன் 14

அக்கா,

சிவப்பு மையைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ஆபீசில் எல்லோருக்கும் காட்டினேன். பக்கத்து சீட்டுக்காரி, "லெட்டரைக்கூடத் திருத்திக் குடுக்குற புருஷன். உங்க அக்கா குடுத்து வெச்சவங்க" என்றாள். அவள் புருஷன் அவள் அனுப்பும் மெசேஜையே படிப்பதில்லையாம்.

துணி இன்றைக்குக் கூரியரில் வருகிறது. செங்கல் நிறத்துக்கு நாலு கடை ஏறி இறங்கினேன். அளவு பழைய அளவுதான், இடுப்பில் மட்டும் இரண்டு அங்குலம் கூட்டிக்கொள், காரணம் கேட்காதே.

எழுதாதே என்றாய். நான் எழுதத்தான் போகிறேன். அன்றைக்கு நீ திடீரென்று போன் செய்து, "வந்து கூட்டிட்டுப் போ" என்றாய். எனக்கு அப்போது ஆறு அழைப்புகள் வரிசையில் காத்திருந்தன, மேற்பார்வையாளர் தலைக்கு மேல் நின்றார். "என்னக்கா டிராமா பண்ற, சாயங்காலம் பேசறேன்" என்று வைத்துவிட்டேன். சாயங்காலம் உன்னைக் கூப்பிட்டால் அழுவாய் என்று மாமாவைக் கூப்பிட்டேன். "அக்காவுக்கு வீட்டுக்குள்ளயே இருந்து போர் அடிக்குது போல மாமா, எங்கயாவது வெளிய கூட்டிட்டுப் போங்க" என்றேன். அவ்வளவுதான். நல்லதுக்குத்தானே சொன்னேன்? அதற்குப் போய் இத்தனை மாதமா?

வாலு

*

ஜூலை 6

வாலுக்கு,

நீ நல்லதுக்குத்தான் சொன்னாய். அவரும் நல்லதுக்குத்தான் கேட்டுக்கொண்டார். எனக்கு வாய்த்தவர்கள் எல்லோருமே எனக்கு நல்லதுதான் செய்கிறார்கள்.

சட்டை முடிந்தது. காலரை மூன்று தடவை பிரித்துத் தைத்தேன். அவள் காலர் விறைப்பாக நிற்காது, ஒரு பக்கம் லேசாகச் சாயும். அந்தச் சாய்வு வரத்தான் அத்தனை பாடு. பொத்தான் ஆறு. மூன்றாவது பொத்தான் மட்டும் நிறம் மாறியிருக்கும், முதல் வருஷத்தில் எங்கோ தெறித்து வேறொன்று வைத்துத் தைத்திருந்தார்கள். மறந்துபோய் வேறு வைத்துவிட்டேன் என்று எண்ணிவிடாதே.

பார்சலை அவரே மடித்துக் கட்டினார். மேல் பை இரண்டிலும் கைவிட்டுப் பார்த்தார். ஊசி ஏதாவது தங்கியிருந்தால் உன்னைக் குத்திவிடுமாம்.

மெக்கானிக் சட்டையில் என்னென்ன உண்டோ அத்தனையும் இதில் உண்டு, ஒன்றும் விடவில்லை. உனக்குத் தெரியாததா? போட்டதும் முதல் வேலையாக எதைத் தேடுவாய் என்று எனக்குத் தெரியும்.

அக்கா

(சிவப்பு மையில்) முதல் வேலையாகக் கண்ணாடியைத்தான் தேடுவாள். — மாமா

*

ஜூலை 21 (தபாலில் வந்தது)

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

சட்டை பிரமாதம். எல்லோரும் பாராட்டினார்கள். நடிகையையும் பார்த்தேன், நல்ல மாதிரி. இடது கை மட்டும் சற்று இறுக்கமாக இருக்கிறது. கூரியரில் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அக்கா அதைத் தளர்த்தி அனுப்பினால் போதும். மாமாவுக்குச் சிரமம் கொடுப்பதற்கு மன்னிக்கவும்.

வாலு

*

ஜூலை 21 (சட்டையின் இடது கைக்குள் இருந்தது)

அக்கா,

தபாலில் வந்தது மாமா படிப்பதற்காக எழுதியது. கை இறுக்கமாக இல்லை. இதை உன் கையில் சேர்க்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.

உன் சீட்டை நான் கண்டுபிடிக்கவில்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து நாள் சட்டை என் அறையில் ஆணியில் தொங்கியது. நாலு தடவை போட்டுப் பார்த்தேன். மாமா சொன்னபடி கண்ணாடியைத்தான் தேடினேன். கை மடிப்புக்குள் ஒரு பை இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

காலை ஏழு மணிக்கே வரிசை அரங்கத்தைச் சுற்றி வளைந்து நின்றது. எனக்கு முன்னால் அட்டைப்பெட்டி ரோபோ ஒன்று. உள்ளே இருந்தவர் பேங்க் மேனேஜராம், உட்கார முடியாமல் நாலு மணி நேரம் நின்றபடியே தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சினார். உன் சட்டையை எங்கே வாங்கினேன் என்று மூன்று பேர் கேட்டார்கள். ஒரு பெண் மஞ்சள் சீட்டு கொடுத்துக்கொண்டே வந்தாள். யார் பெயருக்குக் கையெழுத்து வேண்டுமோ அதை எழுதித் தயாராக நீட்ட வேண்டும், பெயர் கேட்டு அவர் நேரம் வீணாகக் கூடாது. நான் "அக்காவுக்கு" என்று எழுதினேன். நேரில் கொடுத்து உன் கோபத்தைத் தீர்க்கலாம் என்று திட்டம்.

அவருக்கு இப்போது தலை முழுக்க நரை. கண்ணாடியைக் கயிறு போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். கையெழுத்துப் போட்டுப் போட்டுக் கட்டைவிரலில் பிளாஸ்திரி. பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு ஒரு தொண்டர். ஒரு மாதம் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோய், "உங்களப் பாத்துத்தான் நான் திருப்புளி புடிக்கக் கத்துக்கிட்டேன்" என்று உளறினேன். அது பொய். கற்றுக்கொண்டவள் நீ.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் இடது கையையே பார்த்தார்.

"இதை யாரு தெச்சாங்க?"

"எங்க அக்கா."

"இந்தப் பை இருக்குறது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

எந்தப் பை என்று நான் கேட்பதற்குள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மடிப்புக்குள் இரண்டு விரலை விட்டார். "இது கதைல கெடையாதும்மா. எனக்கு மூச்சு எளைப்பு. மருந்து வெச்சுக்கறதுக்காக எங்க தையக்காரம்மா யாருக்கும் தெரியாம தெச்சுக் குடுத்த பை. டிவில மொத்தமா ரெண்டு செகண்டு தெரிஞ்சிருந்தா அதிகம்." பேசிக்கொண்டே விரலை எடுத்தார். விரலோடு உன் சீட்டு வந்தது.

பெயர் எழுதிய சீட்டைத்தான் அங்கே சொருகியிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். பிரித்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"தயவு செய்து வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போ. யாரிடமும் சொல்லாதே."

தொண்டர், "டைம் ஆச்சு மேடம்" என்றார். "ஆகட்டும்" என்றார் அவர்.

"அக்கா எங்க இருக்காங்க?"

"வீட்டுல."

"அவங்களா வெளிய வர முடியுமா?"

"மாமா பூட்டிட்டுப் போவாரு. திருட்டு பயம்..." என்றேன். அக்கா, இதை நான் எத்தனை பேரிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அவர் சிரிக்கவில்லை. 

அவர் என் கையை விடவே இல்லை. காற்று குறைந்துகொண்டே வருகிற அறையில் மெக்கானிக் மாட்டிக்கொள்வாளே, கண்ணாடியில் இரண்டு கையாலும் அடித்துக் கத்துவாளே, நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோமே, அந்தக் காட்சியைச் சொன்னார். "அன்னிக்குக் கதவு நெசமாவே சிக்கிக்கிச்சு. எனக்கு இளைப்பு வந்துருச்சு. கத்தறேன். வெளிய நாப்பது பேரு டிவிப் பொட்டில பாத்துக்கிட்டு, ஆகா என்னமா நடிக்கிறான்னு நிக்கிறாங்க. டைரக்டர் கண்ணுல தண்ணி. ஒரே ஒருத்தி ஓடி வந்தா, எங்க தையக்காரம்மா. எப்படிம்மா கண்டுபுடிச்சேன்னு அப்பறம் கேட்டேன். 'தயவு செஞ்சுன்னு சொன்னியே, அந்த மெக்கானிக் யாரையும் கெஞ்ச மாட்டாளே'ன்னா."

அந்தப் பையை அதற்கப்புறம்தான் தைத்துக் கொடுத்தாளாம்.

நீயும் யாரையும் கெஞ்சமாட்டாய். சின்ன வயதில் கடைசி பிஸ்கட்டைக்கூடக் கேட்டு வாங்கமாட்டாய், பிடுங்கித்தான் தின்பாய். அன்றைக்கு போனில் "தயவு செஞ்சு" என்றாய். மூன்று தடவை சொன்னாய். இப்போது அது என் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. குரலை வைத்தே யார் நிஜமாகத் தவிக்கிறார்கள், யார் சும்மா கத்துகிறார்கள் என்று சொல்லிவிடுவேன் என்று ஆபீசில் பீற்றிக்கொள்கிறவள் நான். உன்னை டிராமா என்றேன். போதாததற்கு, உன்னைப் பூட்டுகிறவரிடமே போய்ச் சொன்னேன்.

போட்டோவில் கையெழுத்து வேண்டாம் என்றார். பையை வெளியே புரட்டி உள்பக்கத்தில் ஏதோ எழுதினார். உனக்குத்தான், புரட்டிப் பார். எனக்குப் பின்னால் இருநூறு பேர் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள். "போம்மா, ஓடு" என்றார்.

நான் வருகிறேன். எப்போது, எப்படி என்று மட்டும் சொல். மன்னிப்பதையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வாலு

*

ஜூலை 28 (தபாலில் வந்தது)

வாலுக்கு,

கை தளர்த்தியாயிற்று. அனுப்பியிருக்கிறேன்.

அக்கா

(சிவப்பு மையில்) இனி அடிக்கடி அனுப்ப வேண்டாம். கூரியர்காரர்கள் வாசலுக்கு வந்து போவது தொந்தரவாக இருக்கிறது. — மாமா

*

ஜூலை 28 (இடது கைக்குள் இருந்தது)

வாலு,

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன்.

அந்தப் பையை நான் உனக்குக் காட்டியிருக்கிறேன். எனக்குப் பதிமூன்று வயது, உனக்கு ஒன்பது. "பாருடி, கைக்குள்ள என்னமோ ஒளிச்சு வெச்சிருக்கா" என்றேன். "ஆமாக்கா, ஆமாக்கா" என்றாய். அந்த ஆமாவை நம்பித்தான் அதற்குள் சீட்டை வைத்தேன். நான் வாயை மூடட்டும் என்றுதான் நீ தலையாட்டியிருக்கிறாய் என்று இத்தனை வருஷம் கழித்துத் தெரிகிறது. சட்டை போன நாளிலிருந்து தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் ஜன்னலுக்கு ஓடினேன். பதினைந்து நாள் ஓடினேனடி. கடைசியில் சட்டையே திரும்பி வந்ததும், இவளுக்குக் கை இறுக்கம்தான் பெரிய கவலை என்று நினைத்து, தளர்த்தக் கத்திரியை எடுத்தேன். உள்ளே காகிதம் சரசரத்தது.

நீ அவரிடம் சொன்ன அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்காமலே இருந்துவிட்டாய். அவர் சத்தம் போடவில்லை. அடிக்கவில்லை. அவர் ஒருநாளும் என்னை அடித்ததில்லை, அதனால்தான் யாரிடமும் சொல்ல எனக்கு வார்த்தை கிடைத்ததில்லை. சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "என்னைப் பத்தி வெளிய பேசுற அளவுக்கு உனக்கு என்ன கொறை வெச்சேன்?" என்று கேட்டார். என் போனை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அடுத்த வாரம், தைக்கத் துணி கொண்டுவந்த இரண்டு பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். அதற்கடுத்த வாரம் மாடிக் கதவுக்குப் புதுப் பூட்டு வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்வார், எதிர்த்துப் பேச முடியாதபடி சொல்வார். கேட்டுக் கேட்டு, நான்தான் அளவுக்கு மீறி ஆசைப்படுகிறேனோ என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது. சாவியைக் கையில் கொடுத்தால்கூடப் போவேனா என்று தெரியாத நாட்கள் இருந்தன. அதுதான் பயமாக இருந்தது. அதனால்தான் சீட்டு எழுதினேன்.

பையைப் புரட்டினேன். "காதில் விழுந்துவிட்டது" என்று நடிகை எழுதியிருக்கிறார், அவ்வளவுதான். மெஷின் மேல் தலையை வைத்து அழுதேன். நாலரைக்குள் முகத்தைக் கழுவிவிட்டேன்.

இப்போது வழி. கம்பிக்கதவின் கீலை நான் முதல் வருஷமே பார்த்துவிட்டேன், சிரிக்காதே. வெல்டிங் வைத்தது, அசையாது. அதனால் பூட்டைத்தான் உடைக்க வேண்டும். பூட்டுத் திறக்கிற ஆள் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வா. யார் வீடு என்று அவர் கேட்டால் உள்ளே நின்று நானே பதில் சொல்வேன். பள்ளி இருக்கிற நாளாக, ஒன்பது மணிக்கு மேல் வா. ஒரு பெட்டியும் தையல் மெஷினும்தான் என் சாமான். மெஷின் இல்லாமல் வரமாட்டேன், தூக்கத் தெம்புள்ள ஆளாகப் பார்த்துக்கொள்.

தபாலில் ஒரு கடிதம் போடு. எந்தக் கிழமை சட்டையைப் போட்டுக்கொண்டாய் என்று எழுது. கடிதம் கைக்கு வந்து, அடுத்து வரும் அந்தக் கிழமையில் பெட்டியோடு தயாராக இருப்பேன்.

வருவதற்கு முன் அவரிடம் பேசாதே. வந்த பிறகு என்னிடம் கொஞ்சம் அனுசரித்துப் போ என்று சொல்லாதே. சொல்லிவிடுவாய் என்று உனக்கே சந்தேகம் இருந்தால் வராதே. இங்கே எட்டரை மணி நேரத்தைத் தள்ள எனக்குப் பழகிவிட்டது. வந்துவிட்டு நீ விட்டுப் போவதை என்னால் தாங்க முடியாது.

அக்கா

*

ஆகஸ்ட் 2 (தபாலில் வந்தது)

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

சட்டை வந்தது. கை இப்போது கச்சிதமாக இருக்கிறது. வியாழக்கிழமை ஆபீசுக்கே போட்டுக்கொண்டு போனேன். வாஷிங் மெஷின் ரிப்பேருக்கு விண்வெளியிலிருந்தே ஆள் வந்துவிட்டது என்று எல்லோரும் கேலி செய்தார்கள். இனித் தொந்தரவு கொடுக்கமாட்டேன் மாமா. கூரியர் எதுவும் வராது.

வாலு

*

ஆகஸ்ட் 19 (வாலுவின் அறையில் எழுதியது)

வாலு,

இதை யாரும் படித்துவிட்டு உறையை ஒட்டவில்லை. உறையே இல்லை. பிழை இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். பூட்டை உடைத்து நீ என்னை இங்கே கூட்டி வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

காலையில் நீ கிளம்பும்போது நான் அடுப்பில் பாலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "வரேங்க்கா" என்றாய். கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் நாதாங்கி இழுபடும் சத்தம். அப்புறம் பூட்டை அமுக்கும் சத்தம். அந்தச் சத்தத்தை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அணைக்கத் தோன்றாமல் நின்றேன்.

ஏன் பூட்டினாய் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை அவர் எதிர்ப் பக்கத்து பஸ் நிறுத்தத்தில் மூன்று மணி நேரம் நின்றுவிட்டுப் போனதை நானும்தான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். உன் போன் ஓயாமல் அடிக்கிறது. நீ அதைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, ஆபீஸ் அழைப்பு என்கிறாய். நீ இல்லாத நேரத்தில் அவர் மேலே வந்துவிடுவார் என்று பயந்தாய். என்னைக் காப்பாற்றத்தான் பூட்டினாய். அடியே, அவரும் அதற்குத்தான் பூட்டினார்.

உன் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம் பெரிது. ஏனென்றால் பத்து மணி வரைக்கும் நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். ஆறு மணிக்கு அவள் வந்து திறப்பாள், ஒன்பது மணி நேரம்தானே, அந்த வீட்டைவிட அரை மணிதானே கூடுதல் என்று மனசு தானாகவே சமாதானம் சொன்னது. உடம்பும் சரி என்று உட்கார்ந்துகொண்டது. ஜன்னலுக்கு எதிரே தெருவில் போகிற வண்டிகளை எண்ண ஆரம்பித்தேன். பதினேழு எண்ணியபோது எனக்கே திடுக்கென்றது.

சட்டை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. எழுந்து போய்க் கதவைப் பார்த்தேன், பூட்டு இருந்த பக்கத்தை அல்ல.

உன் கதவு மரக்கதவு. உள்பக்கமாகத் திறக்கிறது. கீல் இரண்டும் உள்ளேதான் இருக்கின்றன. ஆணி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. மெஷின் எண்ணெய் விட்டுக் கால் மணி நேரம் ஊற வைத்தேன். திருப்புளியை அடியில் கொடுத்து இஸ்திரிப் பெட்டியால் தட்டினேன். மேல் கீல் சொன்ன பேச்சு கேட்டது. கீழ்க் கீலுக்கு உன்னையும் அவரையும் மாறி மாறித் திட்டிக்கொண்டு நாற்பது தட்டு தட்டினேன். சத்தம் கேட்டுக் கீழ் வீட்டுக்காரர் மேலே வந்தார்.

"என்னம்மா, உள்ள என்ன நடக்குது?"

"கதவைக் கழட்டறேங்க."

"ஏன், சாவி இல்லியா?"

"இருக்குதுங்க. எங்கிட்ட இல்ல."

வெளியே அவர் கதவில் கைவைத்து அழுத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "மெதுவா, மெதுவா, கால்ல போட்டுக்காதீங்க, நான் இந்தப் பக்கம் புடிச்சுக்கறேன்" என்றார். நல்ல மனிதர். நான் திரும்பி வரும்வரை படியில் உட்கார்ந்து உன் அறையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். அவர் மனைவிக்குத் திரைச்சீலை தைத்துக் கொடுக்க ஒத்துக்கொண்டேன்.

உன் பூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, அது பூட்டியபடியே இருக்கிறது. கதவுதான் மறுபக்கமாகத் திறந்திருக்கிறது.

திரைச்சீலைக்கு நூல் வாங்கக் கடைக்குப் போகிறேன். கடை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது, கேட்டுக் கேட்டுப் போவேன். பஸ் நிறுத்தத்தில் அவர் நின்றால் நிற்கட்டும். பயமாகத்தான் இருக்கிறது. பயத்தோடேயே போய்விட்டு வருகிறேன்.

நீ வரும்போது நான் இல்லையென்றால் யாருக்கும் போன் செய்யாதே. டீ போட்டுக் குடித்துக்கொண்டு இரு, எனக்கும் கொஞ்சம் வை. கீல் ஆணி இரண்டையும் சட்டையின் இடது கைக்குள் போட்டு வைத்திருக்கிறேன், இந்தத் தடவையாவது அங்கே தேடு. கதவை மாட்ட ஒரு ஆள் போதாது. நீ தூக்கிப் பிடித்துக்கொள், நான் ஆணியை இறக்குகிறேன்.

அக்கா